ஒரிஜினல் தூளி

அந்த வீட்டு வாசலில் லாரியை விட்டு இறங்கியதுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை. அதுவும் கொஞ்சநஞ்சமில்லை; படிக்கட்டு, சுவரோரம், கேட்டுக்கு வெளியே சாக்கடை வரைக்கும் வெள்ளை வெளேரென்று கொட்டி வைத்திருந்தார்கள். அந்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது என்னவென்று சொல்லவே வேண்டாம். பழைய மூத்திரமும், ஆறாத புண்ணும், ஈரம் காயாத துணியும் சேர்ந்த வாடை. என் வீட்டிலிருந்துதான் என்னோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று தோளைத் திருப்பி என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் அடித்தது.

"அண்ணா, இங்க ஏதோ நாறுது" என்றேன்.

"கிரீஸ் வாசனைடி. உனக்கு எல்லாமே நாத்தம்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அப்பா இருக்கும் அறைப் பக்கம் வந்தால் மட்டும் வாசற்படியிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொள்கிறவன் அவன்.

அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனிடம் ஒரு பழைய ராணுவ லாரி இருக்கிறது. அவனைவிட வயதில் மூத்தது. யாரோ கழித்துக் கட்டியதை வாங்கி வந்து, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, குழந்தையைப் போல வைத்திருக்கிறான். அதில் ஒரு திருகாணி போனாலும் அதே காலத்துத் திருகாணியைத்தான் தேடிப் போடுவான். புதுசு ஆகாது. கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் ஒரிஜினல். அந்த லாரியில் குறையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். பின்பக்கச் சட்டத்தில் மாட்டும் ஹாய்ஸ்ட். இரும்புக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் கொக்கி, கொக்கிக்கு ஒரு இரும்புக் கயிறு, கயிற்றைச் சுற்ற ஒரு உருளை, உருளையைத் திருப்ப ஒரு கைப்பிடி. உருளையின் பல்சக்கரத்தில் ஒரு இரும்பு நாக்கு டக், டக் என்று விழுந்து பாரம் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். என்ஜினைத் தூக்குவதற்காக அந்தக் காலத்தில் செய்தது. அதைத் தேடி அவன் அலையாத இடமில்லை.

இதில் எனக்கென்ன வேலை என்றால், அப்பா. பக்கவாதம் வந்து படுத்தவர். நல்ல ஆகிருதி. பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் வேலையை விட்டுப் போய்விட்டாள். தையல் மெஷினில் குனிந்து குனிந்து ஏற்கெனவே போயிருந்த என் இடுப்பு, அப்பாவைப் புரட்டிப் புரட்டி மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. அவருக்கு முதுகில் புண் வைக்க ஆரம்பித்திருந்தது. தூக்கிக் குளிப்பாட்டாவிட்டால் அந்தப் புண்ணே அவரைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு கை கொடுத்தால் தீர்ந்தது. கொடுக்க மாட்டான். "எனக்கு ஒத்துக்காது, வாந்தி வந்துடும்" என்பான். கடைசியில் இந்த யோசனையோடு வந்தான். அப்பாவின் அறைக்கு முற்றத்தைப் பார்த்து அகலமான கதவு. லாரியைப் பின்பக்கமாக அதில் கொண்டுவந்து நிறுத்தினால் ஹாய்ஸ்டின் கை கட்டிலுக்கு மேலே வரும். "அப்பாவை நோகாம தூக்கிடலாம். யாரும் தொடவே வேணாம்" என்றான். தன் பைத்தியத்துக்கு அப்பாவைச் சாக்காக்குகிறான் என்று தெரிந்தும் நான் தலையாட்டினேன். இடுப்பு வலி அப்படி.

விற்கிறவர் கொல்லைப்புறத்தில் நின்றிருந்தார். நடுவயது. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. எங்களைப் பார்த்ததும் அதைக் கழற்றினார். அந்தக் கைகளைப் பார்த்திருக்கவே வேண்டாம். கழுவிக் கழுவித் தோல் வெந்து, விரல் இடுக்குகளில் பாளம் பாளமாக உரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. குழாயடிக்குப் போய்க் கழுவினார். வந்து அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசினார். திரும்பவும் போய்க் கழுவினார்.

ஹாய்ஸ்ட் ஒரு தகரக் கொட்டகையின் தூணில் மாட்டியிருந்தது. அண்ணன் அதைப் பார்த்ததும் கோயிலுக்குள் நுழைந்தவன்போல வாயடைத்து நின்றான். நான் பார்த்தது வேறு.

காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் படபடத்தது. கொக்கி மட்டும் ஆடவில்லை. கயிறு முறுக்கேறி, நேராக, ஏதோ பாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல நின்றது.

ஈக்கள் வேறு. கொக்கியில் ஒன்றுகூட இல்லை. கொக்கிக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில் மொய்த்தன. சுற்றிச் சுற்றி வந்து, ஒரே உயரத்தில், அந்தரத்தில் உட்கார்ந்தன.

ஆமாம், உட்கார்ந்தன. கால்களைத் தேய்த்துக்கொண்டன.

நான் கண்ணைத் தேய்த்துவிட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் விற்கிறவர் கையை வீசி அவற்றை விரட்டினார். வீசிய கையை உடனே கழுவப் போனார்.

"இதுல என்ன சார் தூக்குவீங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"சும்மா, வீட்டுச் சாமான்" என்றார் குழாயடியிலிருந்தே.

உருளையில் சுற்றியிருந்த கயிற்றின் கிரீஸில் நரைமுடி ஒட்டியிருந்தது. நான் சுட்டிக் காட்டினேன். அண்ணன் அதை நகத்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் பல்சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு மூலையில் சுருட்டிக் கிடந்த ஒன்றைப் பிரித்தான். ஹாய்ஸ்டோடு வரும் தூளி. பச்சைக் கான்வாஸ். ஓரத்தில் ராணுவ முத்திரையும் எண்ணும் அழியாமல் இருந்தன. அதைப் பார்த்து அண்ணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கறை. நடுவில் வட்டம் வட்டமாக, மஞ்சளும் பழுப்புமாக, ஒன்றின் மேல் ஒன்று. துணியோடு துணியாக வாழ்கிறவள் நான், கறையைப் பார்த்தால் என்ன கறை என்று சொல்லிவிடுவேன். அந்தத் தூளியில் பிற்பாடு யாரோ கையால் வேலை செய்திருந்தார்கள். கால் நுழைகிற மாதிரி இரண்டு ஓட்டை வெட்டி விளிம்பு மடித்துத் தைத்திருந்தது. அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துளைகள்.

"சாமான் தூக்குற தூளிக்கு இது எதுக்குண்ணா?"

"கன்னுக்குட்டி எதையாவது தூக்கியிருப்பாங்க. முத்திரையைப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு."

"கறையைப் பாரு. எனக்கு வாந்தி வருது."

"கறையும் ஒரிஜினல்தான். துவைச்சா மதிப்பு போயிடும்."

இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இவன் ஆட்கள் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். பீயென்றாலும் பழைய பீயென்றால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். எனக்கு வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆண்கள் இருவரும் ஹாய்ஸ்டைக் கழற்றி லாரியில் மாட்டிக்கொண்டிருந்தபோது விற்கிறவரின் மனைவி பின்வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"இரும்பை எடுத்துட்டுப் போங்க. அந்தத் தூளியை மட்டும் விட்டுடுங்க."

"ஏங்க?"

அவள் புருஷன் இருந்த பக்கம் பார்த்தாள். "அழுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நான் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். தூளியை மடித்து முன்சீட்டில், எனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

திரும்பும் வழியெல்லாம் குண்டும் குழியுமான ரோடு. லாரியில் ஆடாத பாகமே இல்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால் அந்தக் கொக்கி ஒரு துளி அசையாமல் வந்தது.

மறுநாள் காலையில் அப்பாவைக் குளிப்பாட்ட ஏற்பாடு நடந்தது. புதுத் தூளி நானே தைத்துத் தருகிறேன், ஒரு நாள் பொறு என்று கெஞ்சினேன். "இந்தக் கொக்கிக்கு இந்த வளையம்தான் சரியா உட்காரும்" என்று சாதித்துவிட்டான். அப்பாவின் முதுகுப் புண் அன்றைக்கு வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தைரியமில்லை. தூளிக்கு மேலே வெளுத்த போர்வை ஒன்றை விரித்து, அப்பாவைப் பக்கவாட்டில் புரட்டி, அடியில் செருகினேன். அவர் கால்களை எடுத்து அந்த ஓட்டைகளில் விட்டேன். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு பக்க வாய் கோணியிருந்தாலும் பேச்சு மெதுவாக வரும். "என்னம்மாடி, என்னைய லாரியில ஏத்துறீங்களா?" என்றார். நான் சிரித்தேன்.

அண்ணன் வெளியே லாரியோடு நின்றான். மூக்கில் கைக்குட்டை கட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினான். டக். டக். டக். கயிறு இறுகியது. அப்பா மெத்தையை விட்டு மெல்ல எழும்பினார்.

"என்ன இப்படிக் கனக்குது?" என்றான் அண்ணன்.

லாரியின் பின்பக்கம் கீழே அமுங்கியது. என்ஜினைத் தூக்குகிற இரும்பு அது. அப்பா எவ்வளவு கனம் இருந்துவிடுவார்?

அப்போது அந்த வாடை வந்தது. அப்பாவின் வாடை எனக்கு அத்துப்படி. இது அவருடையது இல்லை. பிளீச்சிங் பவுடரும் அதற்கு அடியில் இருந்ததும்.

தூளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் இன்னும் வாளியையே தொடவில்லை. மஞ்சளாக, கொழகொழவென்று, அந்தச் சின்னத் துளைகள் வழியாக மெத்தையில் சொட்டியது.

"அம்மாடி" என்றார் அப்பா. குரல் அமுங்கியிருந்தது. "இவரு யாரு?"

"யாருப்பா?"

"எம் பக்கத்துல."

நான் குனிந்து பார்த்தேன்.

தூளிக்கு அடியில் நாலு கால்கள் தொங்கின.

இரண்டு அப்பாவுடையவை. அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. நீரில் ஊறி உப்பி, வெளிறி, நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. குதிகாலில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

"எறக்கு!" என்று கத்தினேன். "அண்ணா, எறக்கு, எறக்கு!"

அண்ணன் இரும்பு நாக்கைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. கைப்பிடியில் தொங்கினான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தூளி அப்பாவைச் சுற்றி இறுகிக்கொண்டே வந்தது. போர்வையின் மறுபாதி புடைத்து, அவரை ஓரத்துக்கு நெருக்கியது. அப்பாவின் உதடு நீலமானது.

"மூச்சு முட்டுதும்மா."

பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஒற்றை ஆளாக எப்படி முடியும்? கத்தரிக்கோலை எடுத்து வந்து தூளியின் பட்டையை வெட்டினேன். ஜீன்ஸை வெட்டுகிற கத்தரி அது, கான்வாஸில் வழுக்கியது.

"முதுகு எரியுதாம்" என்றார் அப்பா, யாரோ காதில் சொல்வதைக் கேட்டுச் சொல்கிறவர்போல. "காலையிலேர்ந்து தொங்குறாராம். தொடச்சு விடணுமாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பையனை வரச் சொல்றாரு."

"அண்ணா, உள்ள வா! வந்து கை வை!"

அண்ணன் வாசற்படி வரை வந்தான். தூளியைப் பார்த்தான். கீழே தொங்கியதையும் பார்த்தான். கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"என்னால முடியாது" என்றான். "சத்தியமா முடியாதுடி."

அவனைத் திட்ட எனக்கு நேரமில்லை. துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு போர்வைக்கும் கான்வாஸுக்கும் நடுவில் கையை விட்டேன்.

சொல்லவே கூசுகிறது. சில்லென்று இருந்தது. ஈரமாக, மெத்தென்று. துணியை வைத்து இழுத்ததும் தோல் பாலாடையாகச் சுருண்டு துணியோடு வந்தது. அதற்கடியில் குழி. குழிக்குள் என் விரல் போனது. வாய்க்குள் வந்ததை அங்கேயே விழுங்கினேன். அத்தனை அருவருப்பு என் வாழ்நாளில் எனக்கு எதன் மேலும் வந்ததில்லை.

ஒரு தடவை துடைத்தேன்.

டக்.

இரும்பு நாக்கு ஒரு பல் இறங்கியது. அண்ணன் கைப்பிடியைத் தொடவில்லை.

திரும்பத் துணியை அலசினேன். தண்ணீர் பழுப்பானது. திரும்பத் துடைத்தேன். டக். ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு பல். அப்பா மெத்தையைத் தொடும் வரைக்கும் நான் அழுதுகொண்டே துடைத்தேன். கயிறு தளர்ந்ததும் தூளியை உருவி முற்றத்தில் எறிந்துவிட்டு, அப்பாவின் மார்பில் காது வைத்துக் கேட்டேன். மூச்சு சீராக இருந்தது. பிறகுதான் வாந்தி எடுத்தேன்.

"பாவம் அந்த மனுசன்" என்றார் அப்பா.

அண்ணனின் போனை வாங்கி விற்றவரின் எண்ணுக்கு அடித்தேன். அவர் மனைவிதான் எடுத்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை, "அது யாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"என் மாமனாரு. இவருக்கு அவரைத் தொடவே அருவருப்பு. அதுலதான் தூக்கிவிட்டுக் குழாயில தண்ணி பீய்ச்சுவாரு. ஒருநாள் பாதியில தண்ணி நின்னு போச்சு. வந்ததும் வரலாம்னு அப்படியே தொங்கவிட்டுட்டு வெளிய போயிட்டாரு. நான் எங்க அம்மா வீட்டுல இருந்தேன். சாயங்காலம்தான் இவரு திரும்பி வந்தாரு."

நான் முற்றத்தில் கிடந்த தூளியைப் பார்த்தேன்.

"அங்க வந்துட்டாருங்களா?" என்று அவளே கேட்டாள். குரலில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு. "அதான். இன்னைக்குத்தான் இவரு கை கழுவாம உக்காந்து சாப்பிட்டாரு."

போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது. அப்படியென்றால் அழுக்கு என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருக்க வேண்டாமே, முழுசாகச் சொல்லியிருக்கலாமே.

அன்றைக்கே அண்ணன் ஹாய்ஸ்டைக் கழற்றினான். பழைய இரும்புக் கடைக்காரன் அதை எங்கள் கண்ணெதிரேயே துண்டு துண்டாக அறுத்தான். தூளியை நான் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தேன். எரிய நேரமானது, தலைமுடி பொசுங்கும் நாற்றம் அடித்தது. முத்திரை இருந்த ஓரம் கருகும்போது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்காகவே அவனை இரண்டு அறை அறையலாம்போல இருந்தது. ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் நோயாளியைத் தூக்குகிற சின்ன இயந்திரம் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. முதலிலேயே அதை எடுத்திருக்கலாம். அப்பாவின் புண் மெல்ல ஆற ஆரம்பித்தது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் லாரியின் பின்பக்கம் அமுங்கியே இருப்பதை அண்ணன் கவனித்தான். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினான். அமுங்கித்தான் இருந்தது. ஒன்றும் ஏற்றாத லாரி. அப்புறம் குழாயடியில் அவனை அடிக்கடி பார்த்தேன். சோப்பு, மண்ணெண்ணெய், மறுபடி சோப்பு. சாப்பாட்டுக்குக் கரண்டி கேட்டான். விரல் இடுக்கில் தோல் உரிந்திருந்தது.

"என்னண்ணா இது?" என்றேன்.

"கிரீஸ் போகமாட்டேங்குது" என்றான்.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவைத் துடைத்துவிட்டு எழுந்தபோது வாசற்படியில் நிழல் தட்டியது. அண்ணன். கைக்குட்டை இல்லை. படியைத் தாண்டி அறைக்குள்ளேயே வந்துவிட்டான். அப்பா படுத்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

"அந்த வாளியும் துணியும் குடு" என்றான்.

எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் இதற்கு. அப்பாவும் கேட்டுவிட்டார். சரியாக இருக்கிற கையை மெல்ல அவன் பக்கம் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

வாளியில் வெந்நீர் ஊற்றி, வெளுத்த துணியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டான். அப்பாவின் பக்கம் திரும்பவேயில்லை. முற்றத்தில் இறங்கி லாரி நிற்கும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது.

கொட்டகைக்குள் யாரோ துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், துண்டு துண்டாக அறுத்துப் போட்ட அந்தப் பல்சக்கரத்தில் இரும்பு நாக்கு விழுந்தது.

டக்.